கோலமாவில் போட்ட காட்டா

பிரேமினியைப் பற்றி அந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாக ஒரு வார்த்தை வராது. ராங்கிக்காரி என்பார்கள், வாய்க்காரி என்பார்கள், புருஷனை மதிக்காதவள் என்பார்கள். சொல்கிறவர்களின் யோக்கியதையும் எனக்குத் தெரியும். வாய்க்காரி என்பது மட்டும் உண்மை. கொழுந்து பறிப்பதில் அவள் கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். அந்த வாயும் இல்லாமல் போயிருந்தால் அவளை அந்த லயம் மென்று துப்பியிருக்கும்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில், தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லயம் இருக்கிறது. ஒன்றோடொன்று முதுகும் விலாவும் ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள். நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. எதைக் காதில் வாங்குவது, எதை வாங்காத மாதிரி இருப்பது என்ற கணக்கு மட்டும்தான் உண்டு.

பிரேமினியின் புருஷன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். அங்கே முதலாளி திட்டினாலும் பல்லைக் காட்டுவான், சாப்பிட வந்தவன் திட்டினாலும் பல்லைக் காட்டுவான். லீவுக்கு வீட்டுக்கு வந்தால்தான் ஐயாவுக்கு வீரம் பொத்துக்கொண்டு வரும். குழம்பில் உப்புக் கூடினால் அடி. குறைந்தாலும் அடி. போன் எடுக்கத் தாமதமானதற்கு, மூன்று மாதம் கழித்து வந்து, ஞாபகம் வைத்து அடித்தான். சாராயம் போட்டுக்கொண்டுதான் அடித்தான் என்று சொல்லி அவனுக்கு வக்காலத்து வாங்க முடியாது. பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டும் அடித்திருக்கிறான்.

மறுநாள் பிரேமினி வீங்கிய முகத்தோடு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், பக்கத்துக் காம்பரா அழகம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"ராத்திரி என்னடி, ஒரே சத்தமா கெடந்துச்சு?"

கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது பிரேமினிக்குப் புருஷன் மேல் இருந்த ஆத்திரம்கூடக் கொஞ்ச நேரம் இவள் மேல் திரும்பிவிடும். அழகம்மாவின் மாட்டுத் தொழுவத்து மூத்திரம் பிரேமினி வாசல் சாக்கடைக் கானில் ஓடுவதைப் பற்றி இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகத் தகராறு. ஆகவே பிரேமினி அடி வாங்கினால் அழகம்மாவுக்கு ஒரு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கும்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஹட்டனுக்குப் போன பிரேமினி, ஒரு மண்டபத்து வாசலில் "பெண்களுக்குக் கராத்தே, இலவசம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். மரக்கறிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். டோரீன் என்று ஒரு மிஸ், அவளைவிடச் சின்னவள், வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க. செருப்ப மட்டும் கழட்டிருங்க."

"நமக்கெல்லாம் சரிவருமா மிஸ்?"

"கை காலு இருக்குல்ல. போதும்."

அன்றைக்கே பிரேமினி முடிவெடுத்துவிட்டாள். தீபாவளிக்குக் கஜேந்திரன் வருவான். அதற்குள் இதைப் படித்துவிட வேண்டும். இந்தத் தீபாவளிக்கு அவன் கை தன் மேல் விழக்கூடாது. இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கறுப்புப் பட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டோரீன் மிஸ் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு காட்டா. எதிராளி இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் அடியும் தடுப்புமாகச் செய்துகொண்டு போவதற்குத்தான் காட்டா என்று பெயர். இடது பக்கம் திரும்பிக் கையைக் கீழே இறக்கித் தடு. ஒரு எட்டு வைத்துக் குத்து. வலது பக்கம் முழுக்கத் திரும்பி அதையே செய். பிறகு நடுக்கோட்டில் நேரே போய், கடைசிக் குத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அந்தக் கோடியிலும் இரண்டு பக்கமும் முடித்து, வந்த வழியே இன்னொரு சத்தத்தோடு திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். மிஸ் அந்த வழியைத் தரையில் சோக்கால் கீறிக் காட்டினாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு.

"எல்லாம் தடுக்கிறதுலதான் தொடங்குது, கவனிச்சீங்களா? வீட்டுலயும் பழகுங்க. இல்லாட்டி காலு மறந்துரும்" என்றாள். பிறகு பிரேமினியின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சா ஆம்பளைய அடிச்சுப் போட்டுறலாம்னு மட்டும் நெனச்சிராதீங்க. இது ஆரம்பம்தான்" என்று சேர்த்துச் சொன்னாள். பிரேமினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டிலே பழகுவது என்று மிஸ் லேசாகச் சொல்லிவிட்டாள். லயத்துக் காம்பராவில் கட்டில் போக மிச்சம் இருப்பது பாய் விரிக்கிற இடம். நடுக்கோட்டில் மூன்றாவது எட்டு வைத்தால் அலுமாரி. திரும்பிக் குத்தினால் சட்டித் தட்டு. முதல் வாரத்திலேயே ஒரு தேத்தண்ணிக் கோப்பை போனது, முழங்கைத் தோலும் போனது. கட்டிலைச் சுவரோடு தள்ளி நிறுத்தி, எட்டுக்களைச் சுருக்கிச் சுருக்கி வைத்துப் பழகினாள். அப்படியும் திரும்புகிற இடத்தில் திசை தப்பியது. சோக்குக்கு எங்கே போவது? கோலமாவை எடுத்து, மிஸ் கீறிய அதே மூன்று கோட்டைச் சிமெந்துத் தரையில் இழுத்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போவதற்கு முந்தி, விடிந்தும் விடியாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நடந்தாள். மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஜப்பான் பாஷையில் எண்ணினாள். இச்சி, நி, சான், ஷி. குத்தும்போது மூச்சு சீறும். சத்தம் போடும் இடம் வந்தால் சத்தம் போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் அடிவயிற்றிலிருந்து வெளியே போகும்போது கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அது அவளுக்குப் பூசையிலும் கிடைத்ததில்லை.

இங்கேதான் வந்தது வினை. ஐப்பசி பிறந்த வாரத்தில் அழகம்மாவின் மாடு செத்த கன்று போட்டது. மாடு என்றால் அழகம்மாவுக்கு உயிர். அதுவரைக்கும் பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுது முடித்த கையோடு அவள் என்ன செய்தாள்? மறுநாள் விடியலில் சுவருக்கு மேலே காதை வைத்தாள். யாருக்கும் விளங்காத பாஷையில் முணுமுணுப்பு. பாம்பு மாதிரிச் சீறல். நடுநடுவே ஆவேசம் வந்தது போல ஒரு கத்தல். வெளியே வந்து கதவுச் சந்தில் கண்ணை வைத்தாள். சாத்திய காம்பராவுக்குள்ளே கோலம். வாசலில் போட வேண்டியதை வீட்டுக்குள்ளே போட்டு, காலால் மிதித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக ஒருத்தி. புள்ளியும் இல்லாத, பூவும் இல்லாத, உலகத்தில் யாரும் போடாத கோலம். அழகம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? பெரட்டுக் களம் போய்ச் சேருமுன்னே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிரேமினி சூனியம் வைக்கிறாள்.

இரண்டே நாளில் பீலியில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் குடத்தை மூடினார்கள். மலையில் அவள் கொழுந்து பறிக்கும் நிரைக்குப் பக்கத்து நிரைக்கு ஆள் வரவில்லை. அழகம்மா கொழும்புக்கே போன் போட்டுக் கஜேந்திரனுக்கும் சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவன் வந்து இறங்கினான். பையை வைத்ததும் கேட்டான், "ஊரு சிரிக்குது. என்னடி பண்ணிக்கிட்டிருக்க?"

"கராத்தே பழகுறேன்."

அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தலைவர் கூட்டம் போடுறாராம். அது முடியட்டும். பெறகு நான் ஒனக்குக் கராத்தே காட்டுறேன்" என்றான். பிரேமினிக்குப் பழகியதில் பாதி அந்த நிமிஷமே மறந்துபோனது.

தோட்டத் தலைவர் செல்லசாமி ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். தொழிற்சங்கத்துக்குத் தலைவர், கோயிலுக்கும் தலைவர், இரண்டு வீட்டுச் சண்டை என்றால் நீதவானும் அவர்தான். லயமே திரண்டு வந்திருந்தது. சம்பளப் பிரச்சினைக்கு ஒரு நாளும் இத்தனை பேர் வந்ததில்லை.

அழகம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கோலம், மந்திரம், கத்தல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பிரேமினி ஹட்டன் வகுப்பைச் சொன்னாள், கோடு எதற்கென்று சொன்னாள், எண்ணிக்கை என்னவென்று சொன்னாள்.

"கராத்தே பழகுறவ எதுக்குடி கதவ சாத்திக்கிட்டுப் பழகணும்?" என்றாள் அழகம்மா. கூட்டம் தலையாட்டியது. கஜேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் தலையாட்டினான்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இந்தா பாரும்மா. நீ சொல்றது மெய்யா பொய்யான்னு நமக்குத் தெரியாது. சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. அதோட இந்தக் கத்தலையும் நிப்பாட்டிக்க. நாலு சனத்துக்கு எடஞ்சலா இருக்கு."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சத்தியத்துக்கு அந்தத் தோட்டத்தில் மேல்முறையீடு கிடையாது. பொய்யாகச் செய்தவள் குடும்பம் விளங்காது. செய்த சத்தியத்தை மீறினாலும் விளங்காது. மீறச் சொல்லிப் பக்கத்திலிருந்து தூண்டிவிடுகிறவனையும் ஆத்தா சும்மா விடமாட்டாள். தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் பயப்படாதவர்களும் இதற்குப் பயப்படுவார்கள்.

பிரேமினி ஒரு நிமிஷம் எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"நான் போட்ட சத்தம் எடஞ்சல்ங்கிறீங்க, தலைவரே. சரி. சொவத்துக்கு மேல எல்லாம் கேக்குது. அப்ப இந்த ஆளு என்னைய போட்டு அடிக்கிறப்ப நான் கத்துனேனே, அது கேக்கலியா? அதுக்கு ஏன் ஒரு நாளும் கூட்டம் போடல?"

பின்னால் யாரோ இருமினார்கள்.

"அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்" என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுல நாங்க தலையிட ஏலாது. இப்ப வந்த விஷயத்துக்கு வா."

பூசாரி அழகுமுத்து தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினார். பிரேமினி உள்ளங்கையால் அடித்தாள்.

"அழகம்மாக்கா மாட்டுக்கோ மனுசருக்கோ நான் ஒரு சூனியமும் வைக்கல. ஆத்தா மேல சத்தியம்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவும் தொடங்கினார்கள். அவள் மட்டும் தட்டின் முன்னாலிருந்து நகரவில்லை.

"இன்னொரு கட்டி வைங்க, பூசாரியண்ணே."

"எதுக்கும்மா?"

"இன்னொரு சத்தியம் இருக்கு."

அழகுமுத்து தலைவரைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். சத்தியம் செய்ய வந்து நிற்கிறவளுக்குச் சூடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லப் பூசாரிக்குத் தைரியம் கிடையாது. கொளுத்தினார். பிரேமினி அதையும் அடித்தாள். இந்த முறை பலமாக.

"இனிமே இந்த ஆளு என் மேல கைய வச்சா, நான் திருப்பி அடிப்பேன். அடிக்காம விட்டேன்னா ஆத்தா என்னைய கேக்கட்டும்."

முதலில் வாயைத் திறந்தது அழகம்மாதான்.

"அடிப்பாவி. இப்படியும் ஒருத்தி சத்தியம் பண்ணுவாளா? தலைவரே, வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"நீ சொல்லு பாப்போம்" என்றார் செல்லசாமி. "நான் மாட்டேன். எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

அழகம்மா வாயை மூடிக்கொண்டு மடியிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசினாள்.

கஜேந்திரன் முகம் கறுத்துப்போய்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "என்னடி சொன்ன?" வலது கை மேலே போனது. பிரேமினி யோசிக்கவில்லை. இடது கால் தானாக முன்னால் வந்தது, முழங்கால் மடிந்தது, இடது கை கீழே இறங்கி நின்றது. லயத்துக் காம்பராவுக்கு அளவெடுத்த சின்ன எட்டு. அவன் அடித்தால் அந்தக் கை தாங்குமா என்று அவளுக்கே தெரியாது. தாங்காமலும் போகலாம். ஆனால் அவன் அடித்தால் அவள் அடித்தே ஆக வேண்டும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சத்தியத்தை மீற வைத்த பாவம் நமக்கெதற்கு என்று, பிடித்து விலக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

தூக்கிய கை அப்படியே நின்றது. ஊரே அந்தக் கையைப் பார்த்தது. பிறகு அது மெதுவாகப் பின்னால் போய், அவன் பிடரியைச் சொறிந்தது.

"வா, வீட்டுக்குப் போவம்" என்றான்.

அவள் முன்னால் நடந்தாள். லயம் வரைக்கும் அவன் பின்னால்தான் வந்தான், ஒரு கை நீட்டினால் எட்டாத தூரம் விட்டு.