‘போயிட்டு வரேன்’ சொல்லாத வீடியோ

என் மகள் கடைசியாகப் போட்ட வீடியோ ஒரு நிமிஷம்கூட ஓடாது. தலையைக்கூட வாராமல், கொல்லைப்பக்கத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசியிருந்தாள். “இதுவரைக்கும் பாத்தவங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனிமே வீடியோ போடப் போறதில்ல. காலைல எல்லாத்தையும் மூடிடுவேன். யாரு மேலயும் கோவம் இல்ல. போறேன்.” அவ்வளவுதான். சொன்னபடியே காலையில் எல்லாக் கணக்குகளையும் மூடிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நாலு தோசை தின்றாள்.

ஏன் மூடினாள் என்று ஊர் முதலில் கேட்கவில்லை. ஏன் ‘போறேன்’ என்று சொன்னாள் என்றுதான் கேட்டது. விருத்தாசலத்தில் முக்குக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக் கிளம்புகிறவர்கூட ‘போயிட்டு வரேன்’ என்றுதான் படி இறங்குவார். வாய் தவறிப் ‘போறேன்’ என்றால், கையைப் பிடித்து நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்போம். சொல்லாமல் எழுந்து போவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். கல்யாண வயதில் ஒரு பெண் ஊரே பார்க்கும்படி ‘போறேன்’ என்றுவிட்டு மறைந்துபோனால், ஊர் சும்மா இருக்குமா?

அவள் பிரபலமானதற்கு ஒரு வகையில் நான்தான் காரணம். நான் ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சூளையிலிருந்து வந்த பொம்மையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் தூரிகை எடுப்போம். நல்ல பொம்மை கணீரென்று பேசும். உள்ளே கீறல் விட்டிருந்தால் ஜலதோஷம் பிடித்தவன் போலத் தொண்டை அடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கல்லூரி விடுமுறையில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் தட்டுவதைப் படம் பிடித்து, ‘இது நல்லதா, கீறலா? சொல்லுங்க பாப்போம்’ என்று போட்டாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு பதில் எழுதினார்கள். பிறகு இட்லி, மழை, புடவை, பரீட்சை, நான் திட்டுவது எல்லாம் வீடியோவாயின. நான் திட்டுவதற்கென்றே தனியாக ரசிகர்கள் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னிடம் வந்து, “அம்மா, என்னையும் ஒரு தடவ திட்டுங்களேன்” என்றாள். திட்டி அனுப்பினேன்.

என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு நாளில் போன் செய்து, “சாப்டியா? என்னா கொழம்பு?” என்று மகளிடம் கேட்பார். வீடியோ வந்த பிறகு குழம்பு அதிலேயே தெரிந்துவிட்டது. போன் குறைந்து, ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சிவப்பு இதயம் மட்டும் வர ஆரம்பித்தது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனுக்கு மகளைப் பார்க்க இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். அதையும் படாரென்று சாத்திவிட்டாள்.

“அப்பாகிட்ட சொன்னியாடி?”

“பாத்திருப்பாரு.”

அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானாக எடுத்துச் சொல்லலாம்தான். ஆனால் என்ன சொல்வது? எனக்கே காரணம் தெரியாது. கேட்டால், “ஒண்ணும் இல்லம்மா, போதும்னு தோணுச்சு” என்கிறாள்.

யூனிட்டில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாப்பாவுக்கு எதனா மனக்கஷ்டமாம்மா? நம்ம யூனிட்டுல யாராவது எதனா சொல்லிட்டாங்களா?” என்று உருகினார். எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. அதற்குள், “அந்தப் புதுப் பிள்ளையார் மாடலை மட்டும் ஒரு தடவ காட்டிட்டு மூடியிருக்கலாம்” என்றார். கண் உடனே காய்ந்துவிட்டது.

ஜங்ஷனில் ஆட்டோ ஏறினால் டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். “அக்கா, மாப்ள எந்த ஊரு?”

“எந்த மாப்ள?”

“மாப்ள வூட்டுல வீடியோ வேணாம்னுட்டாங்களாமே. ஊரே பேசுது.”

அன்று சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது. மறுநாள் காய்கறிக் கடையில், பழமலைநாதர் கோயிலில் வைத்து நிச்சயமே முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத்தான் அழைப்பு வரவில்லை.

மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏதோ சேனலாம். “இந்த நேரத்துல ரசிகர்களுக்கு என்னா சொல்ல விரும்பறீங்க?” என்று மூக்குக்கு நேரே நீட்டினார். “செருப்ப வெளிய கழட்டிட்டு வரச் சொல்ல விரும்பறேன்” என்றேன். அதையும் போட்டார் என்றும், நன்றாகப் போயிற்று என்றும் பிறகு சொன்னார்கள். மகள் மூடிய கடையை அம்மா திறந்துவிட்டாள் என்று தெருவில் ஒரே சிரிப்பு.

இதெல்லாம் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை வேப்பூரிலிருந்து என் நாத்தனார், கணவரின் அக்கா, பஸ் பிடித்து வந்தார். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். வந்தவர் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காபி கொடுத்தேன், தொடவில்லை. மகள் அறையில் இருந்தாள். அந்தக் கதவையே பார்த்தார். பெருமூச்சு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணி, நில்லுங்க! என்னா இது, சாவு வூட்டுலேர்ந்து போற மாதிரி? சொல்லிட்டுப் போங்க!”

“நான் எந்த வாயால சொல்லுவேன்?” என்று அவர் ஓவென்று அழுதேவிட்டார். “கொழந்த அப்படி ஒரு வார்த்த சொல்லிடுச்சே! ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. என் தம்பி அந்தப் பாலைவனத்துல கெடந்து என்னா பாடு படறானோ!”

கதவு திறந்தது. மகள் முதலில் சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டது.

“என்னாச்சு, ஏன் மூடினே, யாரு மாப்ள, இதையேதான அத்த எல்லாரும் கேக்கறீங்க? எப்படி இருக்கேன்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?”

நாத்தனார் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

“போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேனே, அத்த, உங்களுக்குத் தெரியுமா? எழுந்து நிக்கக்கூட முடியல. முன்னாடியே எடுத்து வெச்ச வீடியோ தினமும் ஒண்ணு ஒண்ணா தானா போயிட்டு இருந்துச்சு. எல்லாத்துலயும் பல்லக் காட்டிட்டு இருக்கேன். அப்பா ஒவ்வொண்ணுக்கும் ஹார்ட் போட்டாரு. கடைசில ‘சூப்பர்டா, நல்லா இருக்கே’ன்னு எழுதினாரு. அன்னிக்குத்தான் எனக்கு டிரிப்ஸ் ஏத்தினாங்க.”

காய்ச்சலை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். இங்கே எந்த வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நோய்நொடியைச் சொல்ல மாட்டோம், அங்கே அவர் தனியாகக் கிடந்து என்ன செய்வார் என்று. குணமான பிறகு சொல்லலாம் என்று நினைப்போம், பிறகு அதுவும் மறந்துபோகும்.

“தினம் என்னப் பாக்கறாரு. அதனாலயே என்னக் கேக்கறதில்ல” என்றாள் மகள். “அதான் மூடினேன். மூடியும் அவரு கேக்கல, பாத்தியாம்மா?”

ஆயிரம் பொம்மையைத் தட்டிப் பார்க்கிறேன், என் மகளை நான் தட்டிப் பார்க்கவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அப்போதுதான் போன் அடித்தது. குவைத் நம்பர்.

“பாப்பா இருக்குதா?” என்றார். என்னை நலம்கூட விசாரிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மகள் கையில் கொடுத்தேன்.

“என்னம்மா, சாப்டியா?”

“ம்.”

“என்னா கொழம்பு?”

“கத்திரிக்கா.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நாத்தனார் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“உன் வீடியோ வரலம்மா” என்றார் மெதுவாக. “நீ எப்படி இருக்கேன்னே தெரியல. போன் பண்ணலாம்னு தினமும் எடுப்பேன். எடுத்தா என்னா பேசறதுன்னு தெரியாம வெச்சிடுவேன். பேசற பழக்கமே வுட்டுப்போச்சும்மா. நீ எப்படிம்மா இருக்கே?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலைச் சொன்னாள், டிரிப்ஸைச் சொன்னாள். அவர் என்னைத் திட்டினார், கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை வந்த கதையை அவள் சொன்னபோது அவர் சிரித்தார். அங்கே ரூமில் அன்றைக்குச் சமையல் அவர் முறையாம். சாம்பாருக்குப் புளி எவ்வளவு போடுவது என்று கேட்டார். நாத்தனார் இங்கிருந்தே, “நெல்லிக்கா அளவு போதும்டா!” என்று கத்தினார்.

சோறு குழைந்துவிடும் என்று ஒருவழியாக அவர் வைக்கப் போனார். நாத்தனார் மகளின் தோளைக் குத்தி, “ஒழுங்கா சொல்லிட்டு வை” என்று கிசுகிசுத்தார்.

“போயிட்டு வரேன்பா” என்றாள்.

அந்தப் பக்கம் அவர் பதறிவிட்டார். “எங்கம்மா போறே?”

“எங்கயும் போவலப்பா. இங்கதான் இருக்கேன்.”