கதவு தட்டியவருக்குச் சாப்பாட்டுக் கமிட்டி

அமெரிக்காவில், எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் வெள்ளிக்கிழமையானால் வாசல்படிக்கு மஞ்சள் தடவிவிடுவேன். அலுமினியப் பட்டைக்குப் போய் மஞ்சளா என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் ஒரு பெண்மணி எங்கள் கதவைத் தட்டினார். திறந்ததும் மூச்சுவிடாமல் தெலுங்கில் பேசினார். நான் தமிழ் என்றதும் முகம் லேசாக வாடியது. அடுத்த நொடியே சிரித்துவிட்டார்.

"பரவால்லங்க, நான் மெட்ராஸ்லதான் காலேஜ் படிச்சேன். ஒரு காபி குடுங்க."

நெல்லூர்க்காரர். எங்கள் பக்கத்தில் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய இருந்தும் அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. தொடங்கியே தீருவது என்று கிளம்பியிருந்தார். யார் வீடு எது என்று தெரியாது. அதனால் படியில் மஞ்சளோ, நிலையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமோ கண்ணில் பட்டால் தட்டிவிடுவாராம். எப்பேர்ப்பட்ட துணிச்சல்! எனக்கு அவரை அங்கேயே பிடித்துப்போயிற்று.

பிறகு அவருக்குத் துணையாக நானும் நடந்தேன். குளிர் காதைக் கடிக்கும். சில வீடுகளில் கதவைப் பாதி திறந்து, என்ன விற்கிறீர்கள் என்பதுபோல் பார்ப்பார்கள். எனக்கு முணுக்கென்று கோபம் வரும். அவரோ அசரமாட்டார். குழந்தைக்கு எந்த டாக்டர், கருவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று பேச்சை வளர்த்து, ஐந்து நிமிஷத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஊரில் பாங்க் ஆபீசராக இருந்தவர். இங்கே வேலைக்குப் போக முடியாத விசா. ஒருநாள் பார்க்கிங் லாட்டில் நின்று சொன்னார்.

"இந்த ஊருக்கு வந்து நானா செஞ்சது இது ஒண்ணுதாங்க. இத நான்தான் நடத்தணும்னு ஆசையா இருக்கு."

ஆசைப்படாமல் என்ன செய்வார்?

சங்கம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை கிளப்ஹவுஸ் நிறைந்து வழிந்தது. நான் விருந்தாளியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர், பெரிய கம்பெனியில் டைரக்டராம், மைக்கைப் பிடித்தார். தலைவராகத் தான் இருப்பதாகவும், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குத் தன் நண்பர்கள் என்றும் அறிவித்தார். எங்கள் நெல்லூர் அம்மாளுக்கு ஃபுட் கமிட்டி. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோகாமல் நுங்கு தின்ன வந்துவிட்டாரே மனிதர்! எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், நான் யார், தமிழ்க்காரி.

நெல்லூர் அம்மாள் புளிஹோரா (நம் புளியோதரைதான்) ட்ரேயின் மூடியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று டைரக்டர் ஒப்புக்குக் கேட்டார். இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்ற ஒரு பெண், நெல்லூர் அம்மாளைக் காட்டி மெல்லச் சொன்னாள்.

"ஆவிட மா இண்டிக்கி வச்சாரு."

அவங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க. எனக்கே புரிந்தது. அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வரிசையில் ஒரு பெரியவர், எங்கள் வீட்டுக்கும்தான் என்றார். ஜன்னலோரத்தில் ஒருவர், அப்புறம் இன்னொரு பெண், அப்புறம் யார் யாரோ. யாரும் சண்டை போடவில்லை, டைரக்டரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டைரக்டரும் நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக்கூடாது. தான் யார் வீட்டுக்கும் போகவில்லையே என்று சொல்லி, மைக்கை நெல்லூர் அம்மாள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். புதுத் தலைவிக்கு மைக்கில் பேச்சே வரவில்லை. சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் போனபின் இரண்டு பேரும் ட்ரே கழுவினோம். டைரக்டர் தன் பெயரை அறிவித்தபோதே ஏன் வாய் திறக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன்.

"நானே கேட்டா நல்லாருக்குமாங்க? அவங்களுக்கா தோணணும்."

"யாருக்கும் தோணலேன்னா?"

குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய் நல்லா அழுதிருப்பேன். சங்கத்து உகாதிக்கு வந்து சமைச்சிருப்பேன்."