அப்பா நம்பர் குத்திய பிஸ்டன்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்று சொல்வீர்கள். உண்மைதான். அந்தப் பொறுமையின் மேல்தான் எனக்குக் கோபம். மகள் என்ற உரிமையில் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலிக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். ஐ.டி.ஐ. முடித்து நெய்வேலிக்கு வந்து, பல வருடம் காண்ட்ராக்டில் உழைத்த பிறகு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகப் பர்மனென்ட் ஆனார். அவரோடு சேர்ந்து பர்மனென்ட் ஆன நண்பரை நாங்கள் சித்தப்பா என்று அழைத்தோம். ரத்த உறவு இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ், ஒரே ஷிப்ட். அவர்கள் வீட்டு மீன் குழம்பு எங்கள் வீட்டில் மணக்கும். இன்று அவரை வேறு எப்படி அழைப்பது என்று தெரியாததால் இங்கேயும் சித்தப்பா என்றே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில். காண்ட்ராக்ட் ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்ததில் மாமாக்களுக்கு மனக்குறை இருந்தது. இதைப் படிக்கும் மாமாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இருந்தது இருந்ததுதான். அம்மாவைப் பிறந்த வீட்டு வாசலில் சொந்தக் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. ரிட்டயர் ஆகும் சமயத்தில் ஒரு பழைய அம்பாசடரை வாங்கினார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கிளப்பினால் புகை தெருவை மறைத்தது.

அம்பாசடர் தயாரிப்பதையே நிறுத்திவிட்ட காலம் அது. கடைகளில் கிடைத்ததெல்லாம் யாரோ எங்கோ வார்த்த வெளிச் சாமான்கள். மாட்டிவிடலாம், ஆனால் அளவு சரியாக இருக்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அப்பா சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய ஸ்டாக்கில் கிடந்த ஒரிஜினல் பிஸ்டன் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார்.

அவர் வேலை பார்த்த செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஃபிட்டர் சாமானை வாங்குகிறாரோ அவர் தன் டோக்கன் நம்பரை அதில் பஞ்ச்சால் குத்திவிடுவார். பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கை பழக்கம் போகுமா? கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் தன் நம்பரைக் குத்தித் துடைத்து வைத்தார். அம்மா கேலி செய்தார். "பூஜை சாமானாட்டம் தொடச்சிக்கினு இருக்காரு பாரு!"

சித்தப்பா வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே கார் ஷெட் வைத்திருந்தார். அப்பாவுக்கு மைன்ஸ் எந்திரம் அத்துப்படி, கார் இன்ஜினில் சித்தப்பாவின் கைதான் சுத்தம் என்பார். பிஸ்டன்களை அவரிடம் கொடுத்தார். வண்டி புகையில்லாமல் வந்தது.

பெரிய மாமா மகன் கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். பட்டுப்புடவையில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். பண்ருட்டிக்கு முன்னால் இன்ஜின் ஒரு சத்தம் போட்டு, இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பலாப்பழக் கடையோரம் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினோம். மண்டப வாசலில் மாமா, "என்னா மாப்ள, பிளஷர்ல வரேன்னீங்க, டவுன் பஸ்ல வந்து எறங்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"ரேடியேட்டர்ல தண்ணி பாக்காம எடுத்துட்டேன். தப்பு என்னுது" என்றார் அப்பா.

வண்டியை இழுத்து வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே இன்ஜினைப் பிரித்தார். அன்றே மூடினார். "இனிமே இதுக்கு சாமான் கெடைக்காது" என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். அம்மா விடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற போதெல்லாம், "மெஷினையே பிரிச்சு மேயுறவருக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தத் தெரியல" என்பார். அப்பா சிரித்துக்கொள்வார். என் கல்யாணத்தில் வாசலில் நின்று வரவேற்றது அப்பாவும் சித்தப்பாவும். என் பிள்ளைகள் சித்தப்பாவைத் தாத்தா என்று அழைக்கிறார்கள்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அம்மா அதையே சொன்னார். "அன்னிக்கு தண்ணி பாத்திருந்தா இன்னிக்கு நம்ம வண்டில போவலாம்." அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

சில மாதம் கழித்து, அப்பா நினைவாக வண்டியை ஓட்டலாம் என்று என் தம்பி வேறொரு மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தான். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். "அக்கா, உள்ள இருக்கிறது லோக்கல் சாமான். ஒரு பிஸ்டன்லகூட அப்பா நம்பர் இல்ல."

இருவரும் சித்தப்பாவிடம் போனோம். அவர் மறுக்கவில்லை.

"என் மருமவன் டாக்ஸி நின்னுகினு இருந்துது. பொண்ணு வூட்ல வந்து அழுதுகினு உக்காந்திருந்தா. அண்ணன் செட்ட அதுல போட்டுட்டேன். இதுல வெளி சாமான் போட்டேன். ஓடிடும்னுதாம்மா நெனச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பிரிச்ச அன்னிக்கே வந்தாரு. கத்தல. 'புள்ளைங்க உன்ன சித்தப்பான்னு கூப்புடுது. அத நான் கெடுக்க மாட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

திருடியவர் ஒருவர், அதை மறைத்தவர் என் அப்பா. ஏமாந்தது நாங்கள். இருவரும் சேர்ந்து எங்களை ஒரு பொய்யான உறவில் இத்தனை வருடம் குடிவைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னோம். அவர் அப்பா படத்தை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "அவரு நம்பர் போட்ட சாமான மட்டும் குடுத்துடச் சொல்லு" என்றார். அந்த டாக்ஸி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

இதை மலரில் எழுத வேண்டாம், அப்பா காத்த மானம் போய்விடும் என்று தம்பி தடுத்தான். அம்மாதான் முடிவு செய்தார். "அவரு மூடி வெச்சத நாமளும் மூடினா, நான் அவர திட்டுனதுதான் நெசமா நிக்கும். எழுது."

கடைசி நாட்களில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாத குறை தெரியாமல் சாப்பாடு கொண்டுவந்த பிளாக் மக்களுக்கும், ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் சித்தப்பா. அவருக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அப்பா மன்னிக்கட்டும்.

கல்யாண மண்டபத்தில் அன்று சிரித்தவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அன்று நாங்கள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, எங்களை வழியனுப்ப சித்தப்பா வந்திருந்தார். நாங்கள் உள்ளே உடுத்திக்கொண்டிருந்தோம். வெளியே நடந்ததை, நானும் தம்பியும் கேட்கப் போன அன்று அவரே சொன்னார். அப்பா பானட்டைத் திறந்து எல்லாம் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. சொம்பில் மொண்டு ஊற்றியவர் சித்தப்பா.