மூன்றாம் பக்கத்தில் யாரோ

கொரோனாக் காலம் முடிந்து பள்ளிக்கூடங்கள் முழுமையாகத் திறந்த பிறகு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டிஜிட்டல் தொகுப்புச் செய்து ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். நான் அவர்களுடைய கணினிப் பாட ஆசிரியை. வீட்டில் நடக்கும் ஒரு தொழிலைப் படமெடுத்து, குரலில் விளக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, கடைசியில் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் நுரைச்சோலைக்கு அப்பால் கடலுக்கும் களப்பின் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்தது. வெங்காயப் பாத்தி, வலை, தோணி என்று படங்கள் வந்து குவிந்தன.

ஒரு பிள்ளை உம்மாவின் கருவாட்டு வேலையை எடுத்தாள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவள் பிறந்தது இங்கேதான். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவள். மற்றப் பிள்ளைகள் சுணங்கினால் என்னைவிட அவள்தான் அதிகம் ஏசுவாள்.

மாரி மழையோடு அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கே அடக்கம் செய்தார்கள்.

சில வாரங்கள் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணினி அறையில் இருந்து பிள்ளைகளின் தொகுப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுடையதையும் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தொகுப்பை யாராவது திறந்து வைத்திருந்தால், திரையின் மேல் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்தோடு ஒரு சிறு வட்டம் தெரியும். அங்கே அவளுடைய எழுத்து தெரிந்தது.

இணையத்தின் கோளாறு என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் பக்கத்தில் ‘ம’ என்று ஓர் எழுத்து விழுந்தது. இன்னொரு ‘ம’. பிறகு இரண்டும் அழிந்தன. எனக்குத் தெரிந்த குர்ஆன் ஆயத்துகளை எல்லாம் ஓதிக்கொண்டே கணினியின் வயரைப் பிடுங்கினேன்.

அடுத்த நாளும் பின்னேரம் அப்படியே நடந்தது. யாரோ அவளுடைய பாஸ்வேட்டைத் திருடி விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. ஆனால் அந்த எழுத்துகள் விளையாட்டுப் போல விழவில்லை. தடுமாறி, பயந்து, அழிந்து போயின.

அந்த வாரமே பின்னேர வகுப்பில் பிள்ளைகளும் கண்டுவிட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

“டீச்சர், அவ உள்ளுக்கு இரிக்கா!”

அறை காலியானது. மறுநாள் ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

“அந்தக் கணக்க மூடிப்போடுங்க டீச்சர்,” என்றார் பள்ளிக்கூட அதிபர். “இப்பிடிப் பயந்தா ஒருத்தரும் ஒப்படைக்க மாட்டாங்க.”

மூடுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. போனேன். வாப்பா கடலுக்குப் போயிருந்தார். முற்றத்துப் பந்தலில் கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்த உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“தாத்தா, மகள்ட போன் இப்ப யார்ட்ட இரிக்கி?” என்று கேட்டேன். அக்காவை நாங்கள் தாத்தா என்றுதான் அழைப்போம்.

அவருடைய முகம் மாறியது. “என்னட்டத்தான் டீச்சர். ஏதும் அழிஞ்சு போச்சா?”

நான் பதில் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

“அசர் தொழுதாப் பொறகு ஒருக்காத் திறந்து, அவ கதைக்கிறதக் கேட்பன். எங்க அமத்துற எண்டு எனக்குச் சரியாத் தெரியா. கை பட்ட இடத்தில எழுத்து விழுது. உடன அழிச்சுப்போடுவன். நீங்க காணுவீங்க எண்டு தெரியா டீச்சர்.”

போனை எடுத்து அந்த மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். காற்று இரைச்சலுக்கு நடுவே அவளுடைய குரல் மீனைக் கீறுவதையும் உப்பிடுவதையும் விளக்கிக்கொண்டு போனது. இடையில் விளக்கத்தை நிறுத்தி, “உம்மா, தள்ளி நில்லுங்க, உங்கட நிழல் விழுது,” என்றது.

“இந்த இடத்துக்குத்தான் டீச்சர். வேற ஒண்டிலயும் அவ என்னக் கூப்பிடுற சத்தம் இல்ல.”

பிள்ளைகள் பயந்து போனதைச் சொன்னேன். “அல்லாஹ்!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “மத்தப் பிள்ளையள் ஒப்படைச்சிட்டாங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல. இந்தக் கிழமைக்குள்ள குடுக்கணும்.”

“அப்ப இவடது?”

“இவடது தேவையில்ல தாத்தா.”

“ஏன் தேவையில்ல? செஞ்சவதானே.”

“கடைசிப் பக்கம் வெறுமையாக் கிடக்கு.”

“கிடக்கட்டும். அவ எழுதாதத நாங்க எழுத ஏலா.”

குரலைத் தனியாகப் போனில் இறக்கிக் கொடுத்து, எதை அமத்த வேண்டும் என்று காட்டினேன். பிறகு அவளுடைய தொகுப்பைத் திறந்து, பொத்தான் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் நீட்டினேன். உப்பில் வெளுத்துப் போயிருந்த விரலால் அமத்தினார். ‘உறுதியாகச் சமர்ப்பிக்கவா?’ என்று திரை கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டியபடியே இருந்தேன். அவரே மறுபடியும் அமத்தினார்.

மறுநாள் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி நடந்ததைச் சொன்னேன். அழுதார்கள். பக்கத்துக் கதிரைப் பிள்ளைதான் முதலில் எழுந்து கணினி அறைக்குள் போனாள். அந்த வாரத்துக்குள் எல்லோரும் ஒப்படைத்தார்கள். புள்ளித் தாளில் அவளுடைய பெயர் இல்லை. ஆனாலும் மற்றவர்களுக்கு எழுதியது போல அவளுக்கும் என் கருத்தை எழுதினேன்: படங்களில் வெளிச்சம் நன்றாக வந்திருக்கிறது, கடைசிப் பக்கம் முடிக்கப்படவில்லை.

வருட முடிவில் விலகிய பிள்ளைகளின் கணக்குகளை நீக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. மற்ற எல்லாவற்றையும் நான் நீக்கினேன். அவளுடையதற்கு வந்ததும் அதிபரைக் கூப்பிட்டேன். அவர் என் கதிரையில் இருந்து அந்தக் கணக்கை நீக்கி முடிக்கும்வரை நான் வெளியே விறாந்தையில் நின்றேன்.