சம்பந்தியாரின் பிஸ்கட் டின்

செய்தி வந்தபோது நான் மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கும் என் மகனைப் பார்க்கப் போய், அவன் வீட்டுக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிட்னியிலிருந்து மகள் வசந்தி எடுத்தாள்.

“அம்மா, மாமா போயிட்டார். விடிய இவர் எழுப்பப் போனவர். நித்திரையிலேயே போயிட்டார்.”

கோப்பையை வைத்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, “கராஜ் பூட்டியிருக்கோ?” என்பதுதான்.

“இந்த நேரத்தில என்ன கேள்வி அம்மா?”

“போய்ப் பார். அவர் எண்டால் அதைத்தான் முதல் கேட்பார்.”

அவள் அழுதபடியே போய்ப் பார்த்தாள். கராஜ் பூட்டியிருந்தது. உள்ளே இரும்பு அலுமாரிகளும் பூட்டியிருந்தன. அதைக் கேட்ட பிறகுதான் நான் இருந்து அழுதேன்.

மாமா என்று அவள் சொன்ன தில்லைநாதன் என் மருமகன் குகனின் தகப்பன், எனக்குச் சம்பந்தியார். சிட்னி நோர்த்மீட் வீட்டில் பதினொரு வருடம் அவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தோம். உங்களில் பலருக்கு அவரைக் கோயில் ஒலிபெருக்கி திருத்துகிறவராகத் தெரியும். செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களுக்கு மெஷின் பொருத்துகிறவராகத் தெரியும். ‘துவக்குச் சுடுகிற கிழவர்’ என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முப்பத்தோராம் நாள் மலரில் எழுதச் சொன்னது எங்கள் இருவருக்கும் பொதுவான பேத்தி ஆரணி. “நீங்கள்தானே அம்மம்மா பக்கத்தில இருந்தனீங்கள்,” என்றாள். அது உண்மை.

வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு, கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் அவரைக் கைத்துவக்குக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடதாசியில் வட்டம் கீறி, தூரத்தில் நின்று அதன் நடுவில் சுடுகிற விளையாட்டு. லைசென்ஸ் எடுத்து, பாதுகாப்பு வகுப்புக்குப் போய், எல்லாம் முறையாகச் செய்தார். கொஞ்சக் காலத்தில் துவக்குக்குப் போடுகிற ரவைகளையும் கராஜில் தானே செய்யத் தொடங்கினார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, புது வெடிமருந்தும் முனையில் ஈயச் சன்னமும் வைத்து மறுபடி ரவையாக்குவது. கிளப்பில் பலர் அப்படித்தான் செய்வார்களாம். முதல் நாள் அவர் கோதுப் பெட்டியைத் திறந்து காட்டியபோது நான் வெளியே வந்துவிட்டேன். சண்டைக் காலத்தில் வன்னியில் என் முற்றத்தில் கிடந்த கோதுகளைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளியவள் நான். அந்தப் பித்தளை மினுக்கம் எனக்குப் பிடிக்காது. அவர் பின்னால் வந்து சமாதானம் சொல்லவில்லை. “இது கடதாசியைத்தான் சுடும்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

போக வைத்தவள் ஆரணி. பதினெட்டு முடிந்ததும் அவளும் கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த கையோடு பெரியவர்களை வெல்லத் தொடங்கினாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, கேடயங்கள் எங்கள் வீட்டு முன் அறையில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். அவள் சுட்டது சம்பந்தியார் செய்த ரவைகளை. என் பேத்தி கையில் வெடிக்கிற சாமானுக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியவேண்டும். ஒரு நாள் நேரே கராஜுக்குள் போய், “எனக்குக் காட்டுங்கோ,” என்றேன்.

அந்தக் கிழமைதான் ரவை செய்கிற புது மெஷின் வந்திருந்தது. பழையதில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் நடக்கும். புதியதில் ஒரு வட்டத்தட்டு உண்டு, அதில் பல கோதுகள் ஒரே நேரத்தில் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒன்றுக்கு மருந்து விழும், அடுத்ததில் சன்னம் இருக்கும், இன்னொன்று இறுகும். தட்டு ஒரு இடம் நகரும். முடிந்த ரவை ஒன்று ‘டிங்’ என்று பெட்டிக்குள் விழும்.

அதைப் பொருத்த அவருக்குப் பத்து நாள் பிடித்தது. மேசை ஆடுகிறது என்று சுவரோடு சேர்த்து இறுக்கினார். புத்தகத்தை மூன்று முறை வாசித்தார். குகன் வந்து, “அப்பா, யூடியூப்பில ஒருத்தன் ஒரு மணித்தியாலத்தில பூட்டிறான்,” என்றான்.

“அவன் தன்ர மேசையில பூட்டிறான். இது என்ர மேசை,” என்றார்.

பூட்டி முடித்த பிறகும் மருந்து போடவில்லை. நாலு நாள் வெறும் கோதுகளை மட்டும் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். “மெஷின் முதல்ல என்னைப் பழகட்டும்” என்பார்.

வேகமான மெஷினில் ஒரு ஆபத்து உண்டு என்று அவரே எனக்குச் சொன்னார். தட்டு சரியாக நகராவிட்டால் ஒரே கோதுக்குள் இரண்டு முறை மருந்து விழலாம். வெளியே பார்த்தால் எல்லா ரவையும் ஒன்றுபோல இருக்கும். சுடும்போதுதான் தெரியும். துவக்கே கையில் வெடிக்கும். ஆகவே சன்னம் மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் கண் போகவேண்டும்.

“உங்கட கண் எப்பிடி?” என்று கேட்டார்.

“கற்றராக் ஒப்பரேஷன் செய்த புதுக்கண்,” என்றேன்.

மூன்று கோதுகளில் மருந்து போட்டு வைத்து எதில் கூட என்று கேட்டார். உடனே காட்டினேன். தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். என்னிடம் லைசென்ஸ் இல்லாதபடியால் ஒன்றையும் தொடக்கூடாது என்றார். “பார்க்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லை, சம்பந்தியம்மா.” கைவைத்த மரக்கதிரை ஒன்றின் கால்களுக்குக் கீழே கட்டை அடித்து, என் கண் தட்டுக்கு நேரே வரும்படி உயர்த்தித் தந்தார். சின்ன லைட் ஒன்றும் பூட்டினார். நான் கோதுக்குள் பார்த்து, சரி என்றால் மோதிரத்தால் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர் இழுப்பார். குகன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான். “மாமி தாளம், அப்பா மேளம். இனி ஒரு நாதஸ்வரம்தான் குறை.”

இனி நான் சொல்லப்போவது என் பிழை.

அன்று விஜயதசமி. வீட்டில் பூசை முடிந்ததும் தையல் மெஷின், கார், மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். கராஜுக்கும் போனேன். எல்லா மெஷினுக்கும் வைத்துவிட்டு இதை விடலாமா? வட்டத்தட்டின் ஓரத்தில் நல்ல தடிப்பாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். சம்பந்தியார் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவரும் கும்பிட்டார்.

அடுத்த நாள் ஆரணிக்கு மாநில அணிக்கான தேர்வு. அன்று பின்னேரம் அவளுடைய ரவைகளைச் செய்யத் தொடங்கினோம். அவர் இழுத்தார், நான் பார்த்தேன், தட்டினேன். பாதியில் லண்டனிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். மருமகள் கோவித்துக்கொண்டு போன கதை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். கதை நீண்டது. போனை வைத்துவிட்டுக் கோதுக்குள் பார்த்தால், மருந்து மேலே ஏறி நின்றது.

“நிப்பாட்டுங்கோ.”

அவர் கையை எடுத்துவிட்டார். தட்டைக் கழற்றிப் பார்த்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்து அடியில் போய் இறுகியிருந்தது. தட்டு நகரவில்லை. அந்தக் கோதை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இதுக்கு முதல் போனது எல்லாம் பார்த்தனீங்கள்தானே?”

பெட்டிக்குள் இருநூறுக்குக் கிட்ட ரவைகள் கிடந்தன. ஆரணி கராஜ் வாசலில் நின்றாள். ஓம் என்று சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. நானே அப்படி நம்பியும் விடலாம், ஏனென்றால் தட்டின சத்தம் என் காதிலேயே இருந்தது. மோதிரம் தன் பாட்டில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. கண்தான் லண்டனில் நின்றது.

“இல்லை,” என்றேன். “தட்டினனான். பார்க்கேல்லை.”

“எத்தினை?”

“தெரியாது.”

அவர் எழுந்து, பெட்டியில் இருந்த அவ்வளவு ரவைகளையும் சிவப்பு வாளிக்குள் கொட்டினார்.

“அப்பப்பா, நோ!” ஆரணி உள்ளே ஓடி வந்தாள். “நாளைக்கு டிரையல். அதில ஒண்டு ரெண்டுதானே பிழையா இருக்கும்?”

“எது எண்டு சொல்லு, மிச்சத்தைத் தாறன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அம்மம்மா, யூ ஹாட் வன் ஜொப்.” அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை.

அடுத்த நாள் கடையில் வாங்கிய ரவையோடு போனாள். அது அவள் கைக்குப் பழகாதது. கொஞ்சப் புள்ளியில் அணியில் இடம் போய்விட்டது. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் சம்பந்தியார் வாளியிலிருந்த ரவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் நிறுத்தார். கடைசி ரவையும் முடிந்தபோது குகன் கேட்டான், “எத்தினை பிழை அப்பா?”

“ஒண்டுமில்லை.”

“எல்லாம் சரியா? அப்ப சும்மாதானே அவளுக்கு டீம் போனது?”

“சும்மா இல்லை. இப்ப தெரியும்தானே,” என்றார்.

அவர் அப்படித்தான். ஒன்றைச் செய்துவிட்டு அதற்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லமாட்டார்.

நான் அந்தக் கதிரையில் இனி இருப்பதில்லை என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். ஒரு காலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறேன், குசினி வாசலுக்கு வந்தார்.

“வாங்கோ, வேலை கிடக்கு.”

“வேற ஆளைப் பாருங்கோ. நான் சரிவரமாட்டன்.”

“பார்த்தனான் எண்டு சொல்லுறதுக்கு ஆயிரம் பேர் இருக்கினம். பார்க்கேல்லை எண்டு சொன்ன ஆள் எனக்கு ஒண்டுதான் கிடைச்சது. வெங்காயத்தைப் பிறகு வெட்டலாம்.”

போனேன். கராஜ் வாசலில் ஒரு தட்டுப் பலகை அடித்து அதில் நீல நிற பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தார். தன் போனை எடுத்து முதலில் அதற்குள் போட்டார். பிறகு மூடியைத் திறந்தபடி எனக்காக நின்றார். நானும் போட்டேன். அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் ரவை செய்தோம் என்று தெரியாது. இரண்டு போனும் அந்த டின்னுக்குள் கிடக்காமல் ஒன்றும் செய்ததில்லை. பிரதமரே எடுத்தாலும் டின்தான் பதில் சொல்லவேண்டும் என்பார். அடுத்த விஜயதசமிக்குச் சந்தனத்தோடு போனபோது மேசைக் காலைக் காட்டினார். “பொட்டு அங்க. சாமிக்குக் கீழ குனிஞ்சு பார்க்கவும் தெரியும்.”

ஆரணி அடுத்த வருடத் தேர்வில் அணிக்குள் வந்தாள். எங்கள் ரவையோடுதான். அவள் பெயரை வாசித்தபோது சம்பந்தியார் கை தட்டவில்லை, என் பக்கம் திரும்பித் தான் இருந்த கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் போன பிறகு அவருடைய துவக்குகளை முறைப்படி கையளித்துவிட்டோம். மெஷின் இப்போது ஆரணியுடையது. போன சனிக்கிழமை அவர் இல்லாமல் முதல் முறையாக அதன் முன்னால் இருந்தாள். இப்போது மருந்து கூடினால் கீச்சிடுகிற ஒரு கருவியும் அதில் பூட்டியிருக்கிறாள். நான் கேட்டேன், “அது இருக்கேக்க நான் என்னத்துக்கு?”

“அது மெஷின் அம்மம்மா. பிழை விட்டாலும் சொல்லாது. நீங்கள் சொல்லுவீங்கள்,” என்றாள். போனை டின்னுக்குள் போட்டுவிட்டு எனக்கு மூடியைத் திறந்து பிடித்தாள்.

ஐம்பது அறுபது போயிருக்கும். பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு மேலால் பாய்ந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். மோதிரம் தட்டிவிட்டது.

“ஆரணி, இப்ப போனதை நான் பார்க்கேல்லை.”

அவள் கோவிக்கவில்லை, பெருமூச்சும் விடவில்லை. அந்த ரவை விழுந்து மற்றவற்றோடு கலந்துவிட்டிருந்தது. பெட்டியைத் தூக்கிச் சிவப்பு வாளிக்குள் கொட்டினாள். நாங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். “இப்ப தெரியும்தானே” என்ற அவருடைய அந்த இரண்டு சொல்லை யார் சொல்வது என்று இருந்தது. ஆரணி மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள்.

பிள்ளைகள் அவருடைய சாமான்களைப் பிரித்தபோது என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கதிரை கராஜில் இருக்கவேண்டியது, அது அங்கேயே இருக்கட்டும். நான் கேட்டது பிஸ்கட் டின்னை. சனிக்கிழமைகளில் பலகைக்குத் திரும்பப் போகும், மற்ற நாட்களில் என் அறையில் இருக்கும். இதை எழுத இருக்கும்போதும் என் போனை அதற்குள்தான் போட்டு மூடினேன். லண்டன் தங்கச்சியாகத்தான் இருக்கும், இரண்டு தரம் அடித்துவிட்டது. எழுதினதை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் திறப்பேன்.