துவக்கு என்று நான் கத்தியது

ஐயா, அல்லது அம்மா, இதனை வாசிப்பவர் எவராயினும் என் வணக்கம்.

மேற்கு லண்டனிலுள்ள ஹோட்டல் மண்டபம் ஒன்றில் பழந்துப்பாக்கிச் சந்தை நடைபெறும் நாள்களில் நான் காவற்பணி செய்துவந்தேன். விற்பனையான ஒவ்வொரு துப்பாக்கியின் குழலுக்குள்ளும் மெல்லிய மரக்கோல் ஒன்றை இறக்கிப் பார்ப்பது என் கடமை. கோல் அடிவரை செல்லாது இடையில் நின்றால் உள்ளே குண்டு உண்டு என்று பொருள். என் காலத்தில் ஒருமுறையும் அது நின்றதில்லை.

அங்கு வருவோர் இரத்தத்துக்கே விலை கொடுத்தனர். ஆளைக் கொன்றதாகக் கதையுள்ள துப்பாக்கியைப் பன்மடங்கு கொடுத்து வாங்கினர். பிடியிலிருந்த கறையைத் துடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவரையும் கண்டேன்.

அன்று லண்டனின் தென்புறத்துச் சட்டனிலிருந்து வந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர், ஒரே பெட்டியிலிருந்த கைத்துப்பாக்கிச் சோடியொன்றை வாங்கினார். இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதற்கென்றே செய்வித்தவை அவை. விற்ற வெள்ளைக்காரக் கிழவர் மேசைக்கு அப்புறம் நின்றார். நான் ஒன்றை எடுத்தேன். டாக்டர் மற்றதை ஏந்தி அதன் சுத்தியலைப் பின்னிழுத்தார். அதனடியில், தட்டினால் தீப்பொறி கக்கும் பழைய வெடிமருந்துக் குப்பி ஒன்று ஒட்டியிருந்ததை எவரும் காணவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ டாக்டர். ரெண்டையும் பாத்திட்டுத் தாறன்," என்றேன்.

"நூத்தைம்பது வயசுக் கிழவிங்க, இனிமே கடிக்காதுங்க," என்று சிரித்தார். "நல்ல காரியம், பெரியவர் நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. விசையைத் தட்டிப் பாக்கறேன்."

என் கோல் இடையில் நின்றது. அழுத்தினேன், இறங்கவில்லை. இதற்குள் குண்டிருந்தால் அதன் சோடிக்குள்ளும் இருக்கும்.

"துவக்கு!" என்று கத்தினேன்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்கு அதுவே பெயர். அங்கே அச்சொல்லைக் கேட்டவர் எவரும் நின்றதில்லை. பிள்ளையை அணைத்தபடி மண்ணில் விழுவர். "வெடி இருக்கு" என்ற மிகுதி என் தொண்டையில் இருந்தது.

"இதோ, துவக்கிட்டேன்," என்றார் டாக்டர்.

மண்டபம் அதிர்ந்தது. குழலை விலக்கக் கிழவர் நீட்டிய உள்ளங்கை கிழிந்து, இரண்டு விரல்கள் பச்சை மேசைத்துணியில் விழுந்தன. அதே குண்டு அவர் தோளெலும்பையும் உடைத்தது. டாக்டர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து, தம் கோட்டினால் காயத்தை அழுத்தினார். இரத்தம் அவருடைய முழங்கைவரை ஏறியது.

"நீங்கதானே துவக்குன்னு சொன்னீங்க? ஏன் சொன்னீங்க?" என்று என்னைப் பார்த்து அழுதார். அவர் பொய் சொல்லவில்லை.

கிழவர் பிழைத்தார், கை பிழைக்கவில்லை. போலீசார் அழைத்த மொழிபெயர்ப்பாளரும் சென்னைக்காரர். "தொடங்கு" என்று நான் சொன்னதாகவே அவர் ஆங்கிலத்தில் எழுதுவித்தார். நான் விளக்கியதைப் பின்னர் மாற்றிச் சொன்னதாகச் சேர்த்தார். அந்தத் தாளின்படி நான் எச்சரித்தவனல்லன், ஏவியவன். கிழவரைப் பார்க்கச் சென்றேன். இடக்கையால் கதவைத் திறந்தவர், என் முகத்தைக் கண்டதும் அதே கையால் அடைத்தார்.

நான் கத்தியது ஒரு பெயர், கட்டளையன்று. அதற்கு என்னிடம் இந்தத் தாளைத் தவிர வேறு சான்றில்லை. தயவுசெய்து இதனை எறியாமல் வைத்திருங்கள்.