காய்க்காத கன்றுகளை வெட்டியவள்

ஈஜோக் பக்கத்துச் செம்பனைக் கன்று நர்சரியில் தனேஸ்வரியின் வேலை, கொலை. அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைத்தால் அவளுக்கே கோபம் வரும். சான்றிதழ் பெற்ற விதையிலும் ஊனமான கன்றுகள் முளைக்கத்தான் செய்யும். குட்டைக் கன்றை, இலை சுருண்ட கன்றை யாரும் கழித்துவிடுவார்கள். பொல்லாதவை நெட்டைக் கன்றுகள்தாம். மட்டை விறைத்து, பச்சைப்பசேலென்று, பார்க்க அத்தனை அழகாக நிற்கும். ஆயுளுக்கும் ஒரு குலை தள்ளாது. கண்ட இடத்திலேயே பாராங் கத்தியை ஓங்கி அடித்தண்டில் ஒரே போடு போடுவாள். உயிரோடு விட்டால் எவனாவது ஓர் ஏழையின் நிலத்தில் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தைப்பூச லீவுக்கு முன்னால், கழித்தவற்றை வெட்ட வேண்டாம், இயந்திரம் வைத்துப் புதைத்துவிடலாம் என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் புனிதன் சொன்னான். நம்பித் தொலைத்தாள். திரும்பி வந்தபோது கழித்தவை கிடந்த மூலை காலி. புனிதன் விற்ற கன்றுகளோடு லோரி ஜெராமுக்கு, காளியண்ணன் என்பவன் நிலத்துக்குப் போனதாகக் கூட வேலை செய்த ரூபினி சொன்னாள். நல்ல கன்றுகளுக்கான சான்றிதழும் கூடவே போயிருந்தது.

தனேஸ்வரி நேரே புனிதனிடம் போனாள். புனிதனின் சட்டையைப் பிடித்து, பாராங்கின் தட்டைப் பக்கத்தால் வாயிலேயே அறைந்தாள். அவன் பல்லோடு இரத்தம் துப்பினான். அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறி ஜெராமுக்கு விட்டாள்.

தோட்டத்தில் மாடாய் உழைத்த காசெல்லாம் காளியண்ணனுக்கு அந்த நாலு ஏக்கர்தான். உயரமான கன்றுகளாக அவனே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தான், பாவி! ரோட்டோர வரிசையை நட்டும் முடித்திருந்தான்.

"அண்ணே, இதெல்லாம் காய்க்காதுண்ணே."

அவன் சான்றிதழை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அதற்கு மேல் பேச அவளுக்குப் பொறுமை இல்லை. இன்னும் நடாமல் அடுக்கியிருந்த கன்றுகளுக்குள் புகுந்து வெட்டித் தள்ளினாள். அவன் கத்தினான், கெஞ்சினான், கையைப் பிடித்து இழுத்தான். வாழ்க்கையையே கண்முன் வெட்டினால் எவன்தான் சும்மா இருப்பான்? சங்கோல் மண்வெட்டியின் கட்டையைத் தூக்கி அவள் வலது தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ரோட்டில் நின்ற லோரிக்காரனுக்கே கேட்டது. அவள் பாராங்கை இடது கைக்கு மாற்றி, மிச்சத்தையும் வெட்டினாள். ரோட்டோர வரிசைக்குத் திரும்பியபோது முழங்காலில் அடுத்த அடி விழுந்தது. சேற்றில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

போலீஸ் வந்தது. நர்சரியின் லைசென்ஸ் பறிபோனது. வெட்டுப்பட்ட கன்றுகளுக்குப் பதில் காளியண்ணனுக்கு நல்ல கன்றுகள் கிடைத்தன. ரோட்டோர வரிசையைப் பிடுங்கச் சொன்ன அதிகாரியை மட்டும் பாராங்கோடு விரட்டியடித்தான். அதைவிட அழகான கன்றை எவன் கொடுத்துவிடுவான் என்று வீம்பு. தனேஸ்வரி இப்போது புக்கிட் ரோத்தானில் ஒரு கடை போட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறாள்.

மூன்று வருஷம் கழித்து, போன மாதம் காளியண்ணன் அவள் கடைக்கு வந்து, சாப்பிடாமல் நின்றான். புதுக் கன்றுகள் நட்ட உள்வரிசைகளில் குலை தள்ளி அறுப்பும் தொடங்கிவிட்டதாம். ரோட்டோரம் மட்டும் ஒற்றைக் காய் இல்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்த வரிசையைத்தான் புகழ்கிறார்களாம். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"வெட்டப் போனா மனசு கேக்கல, தங்கச்சி. நீயே வந்து வெட்டிடுலா."

தனேஸ்வரி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது மார்புக்கு மேல் போகவில்லை.

"வெட்டுற கைய நீங்க ஒடச்சிட்டீங்கண்ணே," என்றாள். "இனிமே நீங்களே வெட்டிக்குங்க."